நஞ்சு எடுத்த விடுப்பு

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களுடையது. முதுகில் பம்பு, தலைக்கு மேல் உச்சி வெயில். கையுறையும் முகமூடியும் போட வேண்டும் என்பது விதி. அவற்றைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர் யாரும் அந்த விதியை எழுதியிருக்க முடியாது.

பம்பில் இருந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்து கிடையாது. மலேசிய அரசு அதை 2002இல் தடை செய்தது. இன்னும் ஆராய வேண்டும் என்று 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் அது விடைபெற்றது. இத்தனை ஆண்டு விடுப்பில் போய்விட்டுப் பழைய வேலைக்கே திரும்பும் சலுகை எந்தத் தொழிலாளிக்கும் வாய்த்ததில்லை. ஒருநாள் மருத்துவ விடுப்புக்கே தண்டல் முகம் சுளிப்பார்.

சட்டம் இல்லாமலில்லை. 1991இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அதன் பிறகு 1994இல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதில் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட். 2024 ஜூன் முதல் அது 5 லட்சம். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டுமாம்.

மலாக்கா நகரத்துச் சின்னக் கடைகளில் அந்தப் பதவி யார் தலையில் விழும் என்று ஊகிக்கலாம். ஏணியில் ஏறுபவரும் அவரே, கீழிருந்து எச்சரிக்க வேண்டியவரும் அவரே.