பிளக் எடுத்தியாலே?

பெரியதாழைக் கரையில் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளுமுன் மூத்தவர் ஒருவர் கேட்பார்: "மாத்துப் பிளக் எடுத்தியாலே?" இல்லை என்றால் வசவு விழும், ஆள் வீட்டுக்கு ஓடும். நடுக்கடலில் எஞ்சின் இருமினால் டெண்டர் விட நேரமில்லை என்பது கைநாட்டு வைப்பவருக்கும் தெரியும். டில்லியில் கோப்பு பார்க்கும் மேன்மக்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. அவர்கள் ஏஎன்-32இல் ஏறிப் போகிறவர்கள் அல்லவே.

அந்தச் சரக்கு விமானம் 1984இல் விமானப்படைக்கு வந்தது. 'சட்லஜ்' என்று பேர் வைத்தோம். பேர் வைப்பதில் நாம் என்றைக்கும் பிந்தியதில்லை. அதைச் செய்த சோவியத் ஒன்றியமே 1991இல் கலைந்துபோயிற்று. உதிரிபாகத்துக்கு வழி என்ன என்று உடனே யோசித்தோம்; 18 வருடம் உடனே யோசித்து, 2009இல் உக்ரைனோடு 40 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். 105 விமானங்களைப் புதுப்பிக்க வேண்டும். 40 அங்கே, மிச்சம் கான்பூரில். கான்பூரில் முடுக்கவேண்டிய பாகமும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஊரெல்லாம் விட்டு ஒரே கடையில் பற்று வைத்தோம். 2014இல் அந்தக் கடைத்தெருவில் குண்டு விழுந்தது. வரத்து தட்டியது, கான்பூர் வேலை நொண்டியது.

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலை எட்டரைக்குப் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. சூலூர்ப் படைப்பிரிவின் விமானம். உள்ளே 29 பேர். அந்த மாதத்தில் மட்டும் அதில் மூன்று கோளாறு வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஏன் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து விழுந்த இடத்தைச் சொல்ல அதில் ஒன்றும் இல்லையே, அதைக் கேட்கிறேன். தண்ணீர் பட்டதும் ஒரு மாதத்துக்குக் கூவிக்கொண்டே கிடக்கும் கருவி உண்டு. ஒரு சாண் நீளம்கூட வராது. கடலைத் தாண்டிப் போகிற விமானத்தில் அது பொருத்தப்படவில்லை. செப்டம்பரில் 29 பேரும் இறந்ததாகக் கொள்ளலாம் என்று வீடுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். "கொள்ளலாம்"! ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லித் தெருவில் நின்ற கரைப் பெண்களிடம் கேளுங்கள், அந்தச் சொல் எப்படி இறங்கும் என்று.

சரி, பாடம் படித்தார்களா? 2019 ஜூனில் ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சூகாவுக்குப் போன இன்னொரு ஏஎன்-32 அருணாசல மலையில் மோதி 13 பேர் செத்தார்கள். சிதைவைக் கண்ணால் பார்க்கவே எட்டு நாள். அதிலிருந்த அபாயக் கருவி, செய்த கம்பெனியே பல வருடம் முன்பு கைவிட்ட சரக்கு என்று செய்தி வந்தது. அடுத்த வருடமே, 2020இல், பெரியவர்கள் ஏறிப் போக இரண்டு போயிங் 777 வந்து இறங்கின. துரத்தி வரும் ஏவுகணையையே திசைதிருப்பும் கருவி உண்டாம். அதற்குப் பாகம் கிடைக்கவில்லை என்று எந்தக் கோப்பும் தூங்கவில்லை.

தாம்பரத்து விமானத்தின் துண்டுகளை, சென்னைக்கு 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் நம்ம சென்னைக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம் பிடித்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஏழரை வருடம். ஏஎன்-32க்கு மாற்றாக எதை வாங்கலாம் என்று விசாரித்து 2022 டிசம்பரில் விமானப்படை கடிதம் அனுப்பியது. சூலூரில் ஏஎன்-32 இன்னும் ஏறி இறங்குகிறது.