கால் தூக்கிட்டீங்க, முசே!

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நம்மவருக்குத் தரக் கட்டுப்பாட்டில் வேலை. பகலெல்லாம் உதிரிபாகங்களை வெர்னியரில் பிடித்துப் பார்த்து ‘ரிஜெக்ட்’ எழுதுகிற கை, ஷிப்ட் முடிந்த பிறகும் அடங்குவதில்லை. சாயங்காலம் பெத்தாங் ஆடுகிற திடலுக்கு வந்தால் உதிரிபாகங்களின் இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புதுச்சேரியில் எந்தத் திடலுக்குப் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார்.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் மூட்டை கட்டியது. பெத்தாங் ஆட்டத்தின் இரும்புக் குண்டுகள் மட்டும் கப்பலேறவில்லை. பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்களும் அவர்களைப் பார்த்துப் பழகியவர்களும் இன்றும் ஆடுகிறார்கள். தரையில் வரைந்த வட்டத்துக்குள் நின்று, ஆறிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் 30 மில்லிமீட்டர் மரக்குண்டை ஒட்டி இரும்புக் குண்டைப் போட வேண்டும். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. போட்ட குண்டு தரையைத் தொடும்வரை பாதம் மண்ணைவிட்டு எழும்பக் கூடாது.

நம்மவர் பிழைப்பே அந்தக் கடைசி விதியில்தான்.

“கால் தூக்கிட்டீங்க, முசே.”

“நான் குண்டைப் பார்த்தேன் தம்பி. நீ எதைப் பார்த்தே?”

“குதிகால். இடது.”

தெற்கு பிரான்சின் லா சியோத்தாவில் இந்த ஆட்டம் பிறந்ததற்கே காரணம், மூட்டுவாதத்தால் ஓடிவந்து வீச முடியாமல் போன ழூல் லெனுவார் என்பவர்தான் என்று சொல்வார்கள். முடியாதவர் நின்ற இடத்திலேயே நின்று ஆடட்டும் என்று பிறந்த ஆட்டம். அதில் எழுபது வயதுக்காரரின் குதிகாலைக் குனிந்து பார்க்க ஓர் ஆள்! போட்டி என்றால் நடுவர் இருப்பார், மஞ்சள் அட்டை காட்டுவார். சாயங்கால ஆட்டத்துக்கு ஏது நடுவர்? யார் குரல் பெரிதோ அவர்தான். தன் அணிக்காரர் காலை உயர்த்தும்போது மட்டும் நம்மவருக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். “அழுகுணி ஆட்டம்” என்று எதிரணி முனகும்.

எந்தக் குண்டு மரக்குண்டுக்குப் பக்கம் என்று அளப்பதிலும் விதி கறாரானது. கடைசியாகக் குண்டு போட்ட அணி முதலில் அளக்கும். சந்தேகம் இருந்தால் எதிரணி மறுபடி அளக்கலாம். பாதத்தால் அளக்கக் கூடாது. அளக்கும்போது சர்ச்சைக்குரிய குண்டு நகர்ந்தால் அளந்தவர் அணிக்கே புள்ளி போச்சு. இந்த விதியை அவர் கரைத்துக் குடித்திருக்கிறார். அதனால் டேப்பைத் தொடவே மாட்டார். யாராவது ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லி, எண்ணை மட்டும் தான் படிப்பார்.

இப்போது அவர் கண் பிக்கிள்பால் என்ற மட்டைப் பந்தாட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. அதிலும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தன் பக்கத்தில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பலன் எதிரணிக்கு. இது அவருக்குச் சப்பென்று இருந்தது. ஆனால் வலையிலிருந்து ஏழு அடிக்குள் நின்றபடி பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்தால், அந்தத் தவறை எதிரணியும் சுட்டிக்காட்டலாம் என்று படித்ததும் முகம் மலர்ந்தது. மறுபடியும் கால்!

ஒரே ஒரு சிக்கல். கோட்டு விவகாரத்தில் வேடிக்கை பார்ப்பவர்களிடம் கருத்துக் கேட்கக் கூடாதாம். பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஆகவே மட்டை வாங்கிவிட்டார். பந்து வாங்கவில்லை, அதை எதிரணிக்காரர்கள்தான் கொண்டுவர வேண்டுமாம்.