பெருமாளே உட்டுட்டாரு, நீ என்னா மாப்ள?

வாடா மாப்ள, உக்காரு. மூஞ்சிய ஏன் தண்ணி வத்துன வெலிங்டன் ஏரியாட்டம் வச்சிருக்க? பிரஷர் நூத்தி அறுவதத் தாண்டிடுச்சாமே. டாக்டரு சோத்துல உப்பக் கொறைன்னு சொன்னதுக்கு, சொத்த எழுதிக் குடுன்னு கேட்டாப்புல திட்டக்குடி பூரா பொலம்பிக்கிட்டுத் திரியிறியாம்.

உன் பொண்டாட்டி காலையில வந்து அழுவுது. வெண்டக்கா கொழம்புல உப்பப் பாதியாப் போட்டுச்சாம், நீ தட்டத் தள்ளி வுட்டுட்டு எழுந்திரிச்சிப் போயிட்டியாம். பெரிய ரோஷக்காரன்! ரோஷத்தோட நேரா எங்க போன? பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடைக்கி. எதிர டீக்கடையில நாந்தான் உக்காந்திருந்தன். சால்னாவ மூணாந்தரம் ஊத்தச் சொன்னியே, அதுல உப்பு இல்லன்னு எவன் உனக்குச் சீட்டு எழுதிக் குடுத்தான்?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சொன்னவனுக்குப் பிரஷர் பாக்க மிஷினு இல்ல மாப்ள. உப்பிட்டவர உள்ளளவும் நெனைன்னாங்க, செரி. உன் உள்ளளவக் கொறைக்கிறதே இப்ப அந்த உப்புத்தான்.

எப்பிடின்னு கேக்குறியா? ஐப்பசி மழையில உங்க அத்தையோட உப்பு ஜாடியத் தெறந்து பாரு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருக்க மாட்டா, ஆனா அடியில நசநசன்னு ஊறிக் கெடக்கும். உப்பு இருக்குற எடத்துக்குத் தண்ணி தானா வந்து சேரும். ரத்தத்துலயும் அதே கததான். தண்ணி கூடுது, கொழா அதே கொழா. வயலுக்கு ஓடுற மோட்டார்ல அழுத்தம் ஏறுனா ஓசு எங்கியாவது பிச்சிக்கிதில்ல? உனக்குப் பிச்சிக்கிட்டா ஒட்டுறதுக்கு சைக்கிள் டியூபு கெடையாது.

ஒரு நாளைக்கி ஆளுக்கு 5 கிராமுக்கு உள்ளாற இருக்கணுங்குது உலக சுகாதார நிறுவனம். தல தட்டுன ஒரு டீ ஸ்பூனு, அம்மாந்தான். 2017-18ல நாடு பூரா கணக்கெடுத்தப்ப நம்ம ஆளுங்க 8 கிராம் கிட்ட திங்கறாங்கன்னு வந்துச்சு. ஆம்பளைங்க இன்னும் மேல. 1930ல ராஜாஜி திருச்சியிலேருந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்து போயி ஒரு பிடி உப்பு அள்ளுனாரு. நீ வெள்ளாத்துப் பாலம் வரைக்கும்கூட நடக்கறதில்ல, உனக்கெதுக்குடா அம்மாம் உப்பு?

கொழம்பு உப்ப மட்டும் மொறைச்சிப் பாக்காத. ஊறுகா, அப்பளம், மோர்மொளகா, மிக்சரு, பரங்கிப்பேட்டப் பக்கத்துலேருந்து வர்ற கருவாடு, இதெல்லாம் உப்புலயே பொறந்து வளந்த சாதி. ஒரு துண்டு நெத்திலிக் கருவாடுதானன்னு ஆரம்பிக்கிறவன் சட்டிய வழிச்சித்தான் எழுந்திரிப்பான். என்னச் சொல்லல, பொதுவாச் சொல்றன்.

அப்பறம் எவனோ இந்துப்பு திங்கலாம், ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னானாமே. பேரு மாறுனா உப்பு சக்கர ஆயிடுமா? அதுவும் சோடியந்தான். கடையில சோடியம் கொறைச்ச உப்புன்னு ஒண்ணு விக்கிறான். அதுல பொட்டாசியம் இருக்கும், கிட்னி கெட்டவனுக்கு ஆவாது. செல பிரஷர் மாத்தரைக்கும் ஒத்துக்காது. டாக்டர கேக்காம வாங்கிட்டு வந்துடாத.

உப்பக் கொறைச்ச மொதல் பத்து நாளு எனக்கும் சோறு வைக்கோலத் தின்னாப்புலதான் இருந்துச்சி. உங்க அத்த எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா, மொளவு சீரவம் இடிச்சிப் போட்டா, பூண்ட வதக்குனா. சோறு வடிக்கையில போடுற உப்ப மொதல்ல நிறுத்துனா. ஒரு மாசம் கழிச்சி ஒரு கல்யாண ஊட்ல சாம்பார வாயில வச்சன், கடத்தண்ணிய மொண்டு ஊத்துனாப்புல கரிச்சிது. ஊரே நல்லாருக்குன்னு திங்குது. நாக்கு நம்ம பழக்குனபடி ஆடுற மாடு மாப்ள, புதுத் தொழுவத்துல ரெண்டு நாளு கத்தும், அப்பறம் அசை போடும்.

கும்பகோணம் பக்கத்துல ஒப்பிலியப்பன் கோயிலு தெரியுமில்ல? அங்க பெருமாளுக்கு இன்னிக்கும் உப்பில்லாமத்தான் படையலு. பெருமாளு பொண்ணு கேட்டப்ப, எம் பொண்ணு சின்னப் புள்ள, உப்புப் பதம் பாத்து சமைக்கத் தெரியாதுன்னு மார்க்கண்டேய ரிஷி சொன்னாராம். பரவால்ல, எனக்கு உப்பே வாணாம்னு கட்டிக்கிட்டாராம். பெருமாளே கட்டிக்கப் போற பொண்ணுக்காவ உட்டாரு. நீ கட்டிக்கிட்டு வந்த பொண்ணு அழுவுது, தட்டத் தள்ளுற. நம்ம ஊர் சாமிக்கும் வைத்தியநாதருன்னுதான் பேரு. போயிக் கும்புடு, வாணாங்கல. ஆனா மாத்தரய நிறுத்திட்டுக் கும்புடாத.

நான் யோக்கியனான்னுதான பாக்குற? ஒரு வருசம் நாரத்தங்கா ஊறுகாயக் கம்பு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சி வச்சித் தின்னவன்டா நான். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்சாங்கல்ல, அந்தத் திட்டத்துப் பொண்ணு மாசாமாசம் மாத்தர குடுக்க வந்து கையில பட்டையக் கட்டி அமுக்கும். ‘தாத்தா, ஊறுகாயா கருவாடா?’ன்னு கேக்கும். மிஷினுக்கு எப்பிடித்தான் தெரியுதோ!

அய்யய்யோ, தோ தெருமொனையில அந்தப் பொண்ணே வருதுடா. இன்னிக்கித் தேதி என்னா? அந்தத் தலவாணிக்கி அடியில ஒரு பொட்டலம் இருக்கும், எடுத்து உன் சட்டப் பையில போட்டுக்க. மொறைக்காத, காராச்சேவுதான்... கேட்டா உன்னுதுன்னு சொல்லிடு.