பல்லைக் காட்டிய குடும்பம்

பிள்ளைச்சாவடிக்காரனுக்குப் பல் வலித்தால் வலியோடு மாநில எல்லையும் சேர்ந்து வந்துவிடும். கோரிமேட்டில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி, பொம்மையார்பாளையத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கோட்டக்குப்பம் தாண்டி, முத்தியால்பேட்டையில் மறுபடி புதுச்சேரிக்குள் வந்து விழ வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் இரண்டு மாநிலத்து மக்களும் பாகுபாடில்லாமல் வைத்தியம் சொல்வார்கள். கிராம்பை வை என்பார் ஒருவர். பஞ்சைப் பிராந்தியில் நனைத்து வை என்பார் இன்னொருவர். (இந்த வைத்தியத்தில் நம்பிக்கை எல்லைக்கு அந்தப் பக்கம் அதிகம், மருந்து எங்கள் பக்கம் மலிவு.) "மேல் பல்லை மட்டும் பிடுங்கிடாத தம்பி, கண்ணு போயிடும்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்.

கிராம்பில் உள்ள யூஜெனால் பல்லை மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களே தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டில் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அது வலியைத்தான் அடக்கும், ஓட்டையை அடைக்காது. பிராந்தியால் ஈறு வெந்ததுதான் மிச்சமாகும். பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்பதை ஓடுகிற பஸ்ஸில் விளக்க முடியாது. அதுவும் வாய் வீங்கியவனால் முடியவே முடியாது.

எங்கள் பெரியம்மாவின் கட்சி வேறு. சொத்தை என்றாலே பூச்சிதான் அவளுக்கு. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி பொலபொலவென்று கொட்டும் என்பாள். இதில் பெரியம்மாவுக்கு நேர் எதிரி ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் லெனுவார் கவர்னராக இருந்த 1728இல், பாரிஸில் பியேர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு பாகத்தில் ஒரு புத்தகம் போட்டார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று இன்றைக்கும் அவரைச் சொல்கிறார்கள். நுண்ணோக்கியில் தேடியும் பல்லுக்குள் புழு எதுவும் தட்டுப்படவில்லை என்று அவர் எழுதிவைத்தார். பூச்சியை ஒழித்த கையோடு, அவரவர் சிறுநீரால் வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது என்றும் எழுதினார். அதைச் சொன்னதும் பெரியம்மா ஜெயித்துவிட்டாள். "எம் புகையே தேவல, போ."

பூச்சி இல்லை. வாயில் குடியிருக்கும் பாக்டீரியா நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கி எனாமலைக் கரைக்கிறது, அவ்வளவுதான். ஒரே மூச்சில் நாலு லட்டு தின்பதைவிட, ஒரு லட்டை நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பல்லுக்கு ஆபத்து. ராத்திரி தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால், படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். எங்கள் வீட்டில் காலையில் பல் தேய்க்காதவனுக்குக் காபி கிடையாது. ராத்திரி தேய்க்கப் போகிறவனை மட்டும், "இந்நேரத்துல எங்க கெளம்பிட்ட?" என்பார்கள்.

ஆறு வயசில் நடக்கும் கூத்து தனி. முன்பல் விழுந்ததும் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிவதற்குக் குடும்பமே வாசலில் கூடும். அதே சமயம், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைத்திருக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழுந்து மொளைக்கும்" என்று விட்டுவிடுவார்கள். அது விழும், முளைக்காது.

போன பல்லின் இடத்தைச் சும்மா விடக்கூடாது என்பதை எங்கள் ஊருக்கு விளக்குவது சுலபம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்பு கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்க, வடக்கே இருந்த கரைகளைக் கடல் தின்ன ஆரம்பித்தது. ஓர் ஊரில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். பக்கத்து வீட்டு மீனவ அண்ணனிடம் டாக்டர், "பிடுங்கின இடத்தை அப்படியே விட்டா பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் எறங்கிடும்" என்று படம் போட்டுக் காட்டப் போனார். "படமெல்லாம் வேணாம் டாக்டர், எங்க கரையில தெனம் பாக்குறதுதான்" என்று அண்ணன் வாயைத் திறந்துவிட்டார்.

வலிக்கு இருநூறு ரூபாய் எடுக்க ஆறு மாதம் யோசிக்கும் எங்கள் குடும்பம், கல்யாணம் என்றால் பல்லுக்கு மொய்யே எழுதும். மச்சான் மகனுக்கு முகூர்த்தம் வைத்தபின் பல்லை வெள்ளையாக்கக் கிளம்பினோம். டாக்டர் முதலில் காறையை எடுக்க வேண்டும் என்றதும் மச்சான் பதறினார். "கிளீன் பண்ணா பல்லு ஆடுமாமே?" காறையைச் சுத்தம் செய்வதால் பல் ஆடாது, காறையால் ஈறு இறங்கிய பல் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருக்கும், காறை அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த சிக்கல் முன்பல். பைக்கிலிருந்து விழுந்து கேப் போட்ட பல் அது. பிளீச் செய்தால் சொந்தப் பல்தான் வெளுக்கும், கேப் பழைய நிறத்திலேயே நிற்கும். மற்ற பற்கள் வெளுத்து, நிறம் நிலைக்க இரண்டு வாரமாவது விட்டு, பிறகுதான் அதற்கேற்ற புதுக் கேப். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று மச்சான் ஜோசியரிடம் கேட்டே விட்டார். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: பல் இயற்கையிலேயே லேசான மஞ்சள், எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் நிறம் அது. வெளுக்க வேண்டும் என்று கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் எனாமல் தேய்ந்து மஞ்சள்தான் கூடும். மஞ்சள் மங்களகரம்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை முறைத்தான்.

ஒருவழியாக வெளுத்தது. பிளீச் செய்த பல் கொஞ்ச நாளைக்குக் கூசும் என்பது தெரிந்ததுதான். ரிசப்ஷனில் ஐஸ்கிரீமை வாயில் வைத்ததும் மாப்பிள்ளை கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டான். "எவ்வளவு கூச்சம் பாரு பையனுக்கு" என்று பெண் வீட்டார் உருகினார்கள்.

பந்தியில் பெரியம்மா எனக்குப் பக்கத்து இலை. அந்தக் கல்யாணத்துக்காகவே பல் செட்டு கட்டிக்கொண்டவள். மேடையில் போட்டோவுக்கு முப்பத்திரண்டையும் காட்டிவிட்டு வந்து, உட்கார்ந்ததும் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினாள். இப்படிச் சுற்றி வைத்த செட்டுகள் எச்சில் இலையோடு குப்பைக்குப் போவது கல்யாண மண்டபங்களில் சகஜம். "போட்டுக்கிட்டே சாப்பிடு பெரியம்மா, மெல்ல மெல்ல ரெண்டு பக்கமும் மென்னு பழகணும்னு டாக்டர் சொன்னாரே" என்றேன்.

"சாப்பிட ஈறு இருக்குடா" என்றாள், முறுக்கைச் சாம்பாரில் ஊறப்போட்டபடி. "இவ்வளவு காசு குடுத்துக் கட்டினதைக் கொழம்புல நனைக்கச் சொல்றியே!"