இரண்டு கன்சல்டன்ட்

கேள்வி: அரசு மருத்துவமனையைச் சீர்திருத்த கன்சல்டன்ட் கம்பெனியைக் கூப்பிட்டால் பலன் உண்டா?

பதில்: இங்கிலாந்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளில் 'கன்சல்டன்ட்' என்றால் மூத்த சிறப்பு மருத்துவர்; நோயாளியைப் பார்ப்பவர். நீங்கள் கேட்பவர் கோட்டும் லேப்டாப்புமாக வந்து கணக்கைப் பார்ப்பவர். சுமார் 120 மருத்துவமனை அமைப்புகளின் நான்கு ஆண்டு வரவு செலவைப் புரட்டிய ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஆலோசனைக்குக் கொட்டிய பணம் ஏற ஏற, சராசரியில் செயல்திறன் இறங்கியிருந்தது! தேறிய இடங்களும் உண்டு, ஆனால் குறைவு. நோய் முற்றியவன்தானே வைத்தியரைத் தேடுவான் என்பீர்கள். சரிதான், ஆனால் வார்டு நர்ஸிடம் கேட்டதையே ஸ்லைடாக்கி அந்த நர்ஸுக்கே போட்டுக்காட்ட எதற்கய்யா இவ்வளவு ஃபீஸ்?