வித்த மாட்டுக்குப் புல்லறுக்கறவங்க

ஏங்கண்ணு, இப்படி வந்து உக்காரு. அந்தச் செல்போனைக் கவுத்து வெய்யி. காது ரெண்டும் காலியா இருக்குதா? செரி.

நீ பேஸ்பால் பாக்கறவனாமா. விடியக்கால நாலு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கறயாமா. உங்கப்பன் தண்ணி தெளிச்சு எழுப்புனாலும் புரண்டு படுக்கறவன், எங்கியோ சிகாகோவுல ஒருத்தன் கட்டையைச் சுத்தறான்னா துள்ளி எந்திரிக்கற. நல்லதுதான். எந்தச் சாமி எழுப்புனா என்ன?

ஆனா நேத்து உன்ற கூட்டாளிகிட்ட என்ன சொன்ன? "அந்த டிரேடை நானா இருந்தாப் பண்ணியே இருக்க மாட்டேன்"னு. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. உங்கப்பனே பொறக்காத காலத்துல நடந்த பேரம் அது. கட்டுத்தரையே இல்லாதவன், காளை வித்தவனுக்குப் புத்தி சொல்றான்!

இந்தக் கெழவனுக்கு அந்த ஆட்டம் என்ன தெரியும்னு பாக்கறயா? 2020 பிப்ரவரியில பெரியவன் வீட்டுக்குனு சிகாகோ பக்கம் போனன். ஏப்ரல்ல திரும்பறதா டிக்கெட். கொரோனா வந்து ஏரோப்ளேனெல்லாம் நின்னு போச்சு. ஒறம்பரையாப் போனவன் அந்தூட்டு ஆளாவே ஆயிட்டன். மருமக நல்ல பொண்ணு, முகம் சுளிக்கல. சோலிதான் ஒண்ணுமில்ல.

பக்கத்து வீட்டுல ஒரு பெரியவரு. என்ற வயசுதான். பொழுதோட புல்தரையில நாற்காலி போட்டு, கூட்டாளிக ரெண்டு பேரு ஆறடி ஆறடி தள்ளி உக்காந்து பேசுவாங்க. நான் வேலிக்கு இந்தப் பக்கம். நடுவுல என்ற பேரன், மொழிபெயர்ப்பு மந்திரி.

அந்த வருசம் மார்ச் 26-ல சீசன் தொடங்கியிருக்கோணும். 12-ந் தேதியே பயிற்சி ஆட்டத்தையெல்லாம் நிறுத்திப்போட்டாங்க. ஆட்டமில்ல. அப்ப இவங்க பொழுதோட பொழுதோட என்னதான் பேசுனாங்க? யாரு யாரை எவனுக்கு எப்ப வித்தான்னுதான். எனக்கு ஒரே ஆச்சரியம். நான் நாப்பது வருசம் மாட்டுச் சந்தையில தரகு பண்ணுனவன். இது நம்ம தொழிலாச்சே! வேலிகிட்ட நாற்காலிய இன்னும் கொஞ்சம் நகத்திப் போட்டன்.

சீசன் ஏன் தள்ளிப் போச்சு? காய்ச்சல்னு சொல்லுவ. பாதிதான் நெசம். காய்ச்சல் பாதி, கூலி பாதி. ஊரே மூக்கை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள கெடக்குது, இக்கட்டால முதலாளிகளும் ஆட்டக்காரங்களும் எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை சம்பளம்னு ஜூன் மாசக் கடைசி வரைக்கும் இழுத்தாங்க. ஒரு வழியா ஜூலை 23-ல தொடங்குச்சு. 162 ஆட்டம் ஆட வேண்டியது 60 ஆச்சு. மைதானத்துல ஒரு ஈ காக்கா கெடையாது. அதுக்கு என்ன பண்ணுனாங்கன்னு தெரியுமா? மனுசன் படத்தை அட்டையில வெட்டி நாற்காலியில நட்டு வெச்சாங்க. காசு கொடுத்து தன் மூஞ்சிய நட்டு வெச்சவங்களும் உண்டு. கூட்டம் கத்தற சத்தத்தைப் பெட்டியில போட்டு விட்டாங்க. நாமளும் சோளக்காட்டுல பொம்மை நடறமே, அதாச்சும் குருவியை வெரட்டுது. இது எதை வெரட்டுச்சு?

கூலிச் சண்டையில ஆட்டம் நிக்கறது அவங்களுக்குப் புதுசில்ல. 1972-ல வேலைநிறுத்தம், 13 நாள். விட்டுப்போன ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டாம்னு முடிவு. அதனால ஒரு அணிக்கு ஒரு ஆட்டம் கூட, இன்னொண்ணுக்குக் கொறைவு. கடைசில டெட்ராய்ட் 86 ஜெயம், பாஸ்டன் 85 ஜெயம், ரெண்டுக்கும் 70 தோல்வி. அரை ஆட்ட வித்தியாசத்துல டெட்ராய்டுக்குப் பிரிவுல முதலிடம். அந்த ஒரு ஆட்டம் பாஸ்டனுக்கும் கெடைச்சிருந்தா? கேக்கப்படாது. பங்கு பிரிச்சாச்சு, பத்திரம் பதிஞ்சாச்சு. அப்பறம், 2021 டிசம்பர்ல முதலாளிகளே கதவைச் சாத்தி 99 நாள் கழிச்சுத் தொறந்தாங்களே, அந்தக் கூத்து உனக்கே தெரியும்.

எனக்குப் பொக்குனு போனது மான்ட்ரியல் கதையக் கேட்டுத்தான். 1994. கனடாவுல இருந்த அந்த அணி 74 ஜெயம், 40 தோல்வி. அத்தனை அணியிலயும் அதுதான் முதல். ஆகஸ்ட் 12-ல வேலைநிறுத்தம். அதோட சீசனே முடிஞ்சுது, வேர்ல்டு சீரிஸ்ங்கற சாம்பியன் தொடரும் கெடையாது. 1904-க்கு அப்பறம் அது நடக்காம போனது அப்பத்தான். வெண்ணெய் தெரண்டு வாரப்ப தாழி ஒடைஞ்சுது. அடுத்த வருசம் கோர்ட்டு தலையிட்டு, ஏப்ரல் கடைசில, 162-க்குப் பதிலா 144 ஆட்டம்னு தொடங்குனாங்க. அதுக்குள்ள மான்ட்ரியல்காரங்க என்ன பண்ணுனாங்க? கையில காசில்லைன்னு ஒரே வாரத்துக்குள்ள மூணு நல்ல ஆளுகளை ஓட்டி விட்டுட்டாங்க. வெட்டலாண்டு நியூயார்க்குக்கு, ஹில் செயின்ட் லூயிஸுக்கு, கிரிசம் அட்லாண்டாவுக்கு. வாக்கர்னு இன்னொருத்தன் போறவனப் போகட்டும்னு விட்டாச்சு. அந்த வருசம் அட்லாண்டா வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சப்ப கடைசிப் பந்தைப் புடிச்சது யாரு? கிரிசம்தான். அதுக்கடுத்த வருசம் நியூயார்க் ஜெயிச்சு, தொடரோட சிறந்த ஆட்டக்காரன்னு பேரு வாங்குனது? வெட்டலாண்டு. மான்ட்ரியல்காரன் டிவியில பாத்துட்டு உக்காந்திருந்தான். அந்த அணியே 2005-ல வாஷிங்டனுக்கு மூட்டை கட்டிப்போச்சு.

இப்ப நீ சொன்ன அந்தப் பேரத்துக்கு வருவம். பக்கத்து வீட்டுப் பெரியவரு சிகாகோ கப்ஸ் பைத்தியம். அவருக்கு ஒரே வெசனம்தான். 1964 ஜூன் 15. லூ பிராக்குன்னு 24 வயசுப் பையனை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, எர்னி பிராக்லியோங்கற பந்து வீசறவனை வாங்குனாங்க. கூட ரெண்டு ரெண்டு பேரு, அவங்களை விடு. அதைச் சொல்றப்ப அவரு கண்ணு கலங்கும். பொண்டாட்டி பேரைச் சொல்றப்பக்கூட அப்படிக் கலங்கி நான் பாக்கல.

பிராக்லியோ அதுக்கு முந்தின வருசம் 18 ஆட்டம் ஜெயிச்சவன். சிகாகோவுல மொத்தமே 7 ஜெயம், 19 தோல்வி. கையில வலி, அந்த நவம்பர்ல முழங்கையில ஆப்பரேசன். பிராக்கு? அவன் போன வருசமே செயின்ட் லூயிஸ் வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சுது. கடைசி வரைக்கும் 3,023 ஹிட்டு, 938 தடவை பேஸ் திருட்டு. திருட்டுக்குப் பாராட்டு கெடைக்கற ஊரை நான் அங்கதான் பாத்தன்.

"முட்டாப்பசங்க, எப்படிக் கொடுத்தாங்க?"ன்னு அந்தப் பெரியவரு மண்டையில அடிச்சுக்குவாரு.

நான் பேரன்கிட்டச் சொன்னன்: "டேய், அந்தச் சந்தை நாளன்னைக்கு ஊருல என்ன பேசுனாங்கன்னு கேளு."

அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் உண்மையச் சொன்னாரு. அன்னைக்குச் சிகாகோ பத்திரிகைக்காரங்களே துள்ளிக் குதிச்சாங்களாம், செயின்ட் லூயிஸ்காரனை ஏமாத்திட்டம்னு. அக்கட்டால செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரங்கதான், நல்ல பந்து வீச்சாளனை விட்டுட்டமேன்னு மொணங்குனாங்களாம். இவரு? "அப்ப எனக்குச் சின்ன வயசு, நானும் கை தட்டுனேன்"னாரு.

பாத்தயா கண்ணு? கன்னு வளந்து காளை ஆன பொறவு ஊரே தரகன்தான். சந்தையில நிக்கறப்ப சுழி பாப்பம், பல்லைப் புடிச்சுப் பாப்பம், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பம். அதுக்கு மேல? கடவுளுக்கே துண்டு போட்டு வெரலைப் புடிச்சாத்தான் தெரியும். கப்ஸ்காரன் பண்ணுன தப்பு பேரத்துல இல்ல, அந்த முழங்கைய நடக்க விட்டுப் பாக்காததுலதான்.

இன்னொண்ணு சொல்றன். 1987 ஆகஸ்டுல டெட்ராய்டுக்காரன், ஜான் ஸ்மோல்ட்ஸ்னு 20 வயசுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, டாய்ல் அலெக்சாண்டர்னு 36 வயசு ஆளை வாங்குனான். ஸ்மோல்ட்ஸ் பின்னால பெரிய ஆளாகி, 2015-ல ஹால் ஆஃப் ஃபேம்ல பேரு ஏறுச்சு. உன்னாட்டம் பசங்க அதை இன்னைக்கும் மகா மட்டமான பேரம்ங்கறாங்க. அப்படி என்ன மட்டம்? அலெக்சாண்டர் வந்து 9 ஆட்டம் ஜெயிச்சான், ஒண்ணுகூடத் தோக்கல. பிரிவுல முதலிடம் டெட்ராய்டுக்குத்தான். அதுக்கு மேல போகல, அது வேற. ஆடிப் பட்டத்துக்கு ஏர் ஓட்ட மாடு வேணும்னா, கன்னைக் கொடுத்துக் கெழட்டு மாடாச்சும் வாங்கித்தான் ஆகோணும். காடு உழுதாச்சு, வெள்ளாமை வந்தாச்சு. பொறவென்ன ஒப்பாரி?

நெசமான மட்டப் பேரம் எதுன்னு கேட்டா நான் பாஸ்டனைத்தான் காட்டுவன். 1919 கடைசில பேப் ரூத்தை நியூயார்க்குக்கு வித்தாங்க. வெலை ஒரு லட்சம் டாலர். அதுபோக வாங்குனவன்கிட்டயே மூணு லட்சம் கடன், அதுக்கு மைதானமே அடமானம். மாட்டை வித்தவன், வாங்குனவன்கிட்டயே கட்டுத்தரைய அடமானம் வெச்சுப் பாத்திருக்கறயா? அப்பறமும் நல்ல நல்ல ஆளுகளா அதே நியூயார்க்குக்கே ஓட்டி விட்டாங்க. 1918-ல ஜெயிச்சவங்க, அடுத்து ஜெயிக்க 2004 ஆச்சு. 86 வருசம்! அதுக்கு ரூத் விட்ட சாபம்னு பேரு வெச்சுக்கிட்டாங்க. தெனமும் மாட்டை வித்துத் தின்னவனுக்குச் சாபம் வேற தனியா வேணுமா?

இப்ப உங்க காலத்துல இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. ‘வார்’ங்கற. இவனுக்குப் பதிலா யாரோ ஒரு சாதாரண ஆளைப் போட்டா எத்தனை ஜெயம் கொறையும்னு புள்ளி வெச்சுச் சொல்லுதாமா. பேரன் வெளக்குனப்ப நான் பயபக்தியாக் கேட்டன். கேட்டு முடிச்சப்பத்தான் தெரிஞ்சுது, "இந்த மாடு படுத்துட்டா எத்தனை ஏர் நிக்கும்?"னு எங்கப்பாரு கேட்டதுதான் அது. அவரு கைநாட்டு.

பேரத்துல சிரிக்கறதுக்கும் நெறைய இருக்குது. 1962-ல கிளீவ்லேண்டுக்காரன் ஹாரி சிட்டிங்கறவனை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தான். பதிலுக்கு யாருன்னு பொறவு சொல்றம்னு ஏற்பாடு. ரெண்டு மாசம் ஆச்சு. மெட்ஸ்காரன் பதிலுக்கு அனுப்புனது யாரை? அதே ஹாரி சிட்டிய! தனக்குத் தானே மாத்து மாடா ஆன மனுசன். 1922-ல சிகாகோவும் செயின்ட் லூயிஸும் ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம். காலையில ஆடி முடிச்சாங்க. நடுவுல மேக்ஸ் ஃபிளாக்கையும் கிளிஃப் ஹீத்கோட்டையும் மாத்திக்கிட்டாங்க. மத்தியானம் ரெண்டு பேரும் அங்கராக்கை மாத்திப் போட்டு எதிர்ப்பக்கம் ஆடுனாங்க. காலைப் பலகாரம் பொண்ணு வீட்டுல, மத்தியானச் சோறு பையன் வீட்டுல.

1948-ல புரூக்ளின்காரனுக்கு எர்னி ஹார்வெல்னு ரேடியோவுல வர்ணனை சொல்றவரு வேணும். அவரு வேலை பாத்த அட்லாண்டாக்காரன், "ஒரு கேட்சரைக் கொடு, கூட்டிப்போ"ன்னான். வாய்க்கு ஒரு ஆளு பரிசம்! ரெண்டு பந்து வீச்சாளனுக தங்களுக்குள்ள மாத்திக்கிட்டாங்கன்னு 1973-ல வெளிய தெரிஞ்சது ஒண்ணு இருக்குது. உனக்கு வயசு பத்தாது, அக்கட்டால தள்ளு.

இத்தனையும் பேசுனமே, ஒண்ணை யோசிச்சயா? பேரம்னா வித்தவன், வாங்குனவன், தரகன். அப்பறம்? மூக்கணாங்கவுறு போட்டது யாருக்கு?

கர்ட் ஃபிளட்னு ஒருத்தன். அதே செயின்ட் லூயிஸ்ல பிராக்குக்குப் பக்கத்துலயே நின்னு ஆடுனவன். 12 சீசன். 1969 அக்டோபர்ல ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தாச்சுன்னாங்க. அவன் போகல. கை நெறையச் சம்பளம், அதையும் வேண்டாம்னான். வாங்கறதுக்கும் விக்கறதுக்கும் நான் பொருளில்லைன்னு அந்த டிசம்பர்ல பேஸ்பால் கமிசனருக்குக் கடுதாசி போட்டான். கோர்ட்டுக்குப் போனான். 1972-ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சுக்கு மூணுன்னு அவனுக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லிருச்சு. ஆட்டம் போச்சு, வருமானம் போச்சு. ஆனா அடுத்த வருசமே ஒரு விதி வந்துச்சு: பத்து வருசம் ஆடி, அதுல கடைசி அஞ்சு வருசம் ஒரே அணியில இருந்தவனை அவன் சம்மதமில்லாம ஓட்ட முடியாது. 1975 கடைசில கட்டே அவுந்துச்சு, ஒப்பந்தம் முடிஞ்சவன் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம்னு. இன்னைக்கு உன்ற ஆளுக கோடி கோடியா வாங்கறாங்களே, அந்தக் கதவுல முட்டி மண்டை ஒடைஞ்சவன் அவன்.

அந்தக் கதைய அந்தப் பெரியவருதான் சொன்னாரு. ஆனா நல்ல பேரம் கெட்ட பேரம்னு அவரு போட்ட பட்டியல்ல அவன் பேரில்ல. ஏன் இல்லைன்னு கேட்டன். "அதுல எந்த அணிக்கு லாபம்னு பிரிச்சுச் சொல்ல முடியல"ன்னாரு. நல்லவருதான், பாவம்.

அந்த 2020 செப்டம்பர் 6-ந் தேதி லூ பிராக்கு செத்துப் போனாரு. அன்னைக்குப் பொழுதோட பெரியவரு தனியா உக்காந்திருந்தாரு. கூட்டாளிக வரல. நான் வேலிகிட்டப் போனன். வழக்கமா வாரத் திட்டு ஒண்ணும் வரல. பெரிய மனுசன், கெட்ட வார்த்தை பேசாத மனுசன்னு பிராக்கைப் பத்தியே சொல்லிட்டிருந்தாரு. அப்பறம் திடீர்னு என்னைப் பாத்துக் கேட்டாரு, "நாப்பது வருசம் தரகு பண்ணுனீங்களே, நீங்க எப்பவாச்சும் கொடுக்கக் கூடாததைக் கொடுத்திருக்கீங்களா?"ன்னு.

பேரன் மொழிபெயர்த்துட்டு என் மொகத்தையே பாத்தான்.

இங்க மழை எப்பப் புடிக்கும்னு கேளுடான்னு பேச்சை மாத்திட்டன்.

1983-ல ஒரு மயிலைக் காளை. ரெண்டு பல்லு. காதுக்குப் பின்னால ஒரு... அட, அதெதுக்கு உனக்கு? காப்பி ஆறுது, எடுத்துக் குடி.