பாட்டில் கொண்டாந்தியா?

வாழ்நாளில் நான் அதிகம் கேட்ட கேள்வி 'சாப்பிட்டியா?' இல்லை. 'பாட்டில் கொண்டாந்தியா?' என்பதுதான். 1979இல் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சட்டப்படி ஃபார்மசிஸ்ட், பிற்பாடு அரசாணைத் தமிழில் மருந்தாளுநர், ஊர் வாயில் கடைசிவரை கம்பண்டரு. சொந்த ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாசம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கட்டும்.

அரசாங்கம் மருந்து கொடுத்தது, அதை ஊற்றிக்கொண்டு போகப் பாட்டில் கொடுக்கவில்லை. மிக்சர் என்றால் இன்றைக்குப் பிள்ளைகள் ஓமப்பொடியையும் காராபூந்தியையும் நினைப்பார்கள். எங்கள் மிக்சர் குடிக்கிற மருந்து. வயிற்றுக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, இரண்டிலும் அடங்காததற்கு டாக்டர் மனசில் அன்றைக்குத் தோன்றிய ஒன்று. வயிற்றுக்கான கார்மினேட்டிவ் மிக்சரில் சோடா உப்பு, ஏலக்காய் டிங்சர், இஞ்சி டிங்சர், பெப்பர்மின்ட் தண்ணீர் எல்லாம் சேரும். ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டு சர்பத் மாதிரி இருக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாதவர்களும் வயிற்று வலி என்று வரிசையில் நிற்பார்கள்.

வந்த பாட்டில்களைத் தனியாக எழுதலாம். நல்லெண்ணெய் பிசுக்கோடு ஒன்று, மண்ணெண்ணெய் வாசத்தோடு ஒன்று, மூடிக்குப் பதில் வாழைச்சருகு திணித்தது ஒன்று. சேர்ந்த புதிதில் பாட்டில் பஞ்சம். 1981இல் மதுவிலக்கை எடுத்தார்கள், அத்தோடு என் கஷ்டம் தீர்ந்தது. கால் பாட்டில் என்பது 180 மில்லி. ஒரு வேளைக்கு 15 மில்லி வீதம் சரியாகப் பன்னிரண்டு வேளை, நாளைக்கு மூன்று என்றால் நாலு நாள். எங்களுக்காகவே அளந்து செய்தது போல இருந்தது. காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டில் விலாவில் ஒட்டிவிடுவோம், ஒரு பல் ஒரு வேளை. புருஷன் ராத்திரி காலி செய்த பாட்டிலைப் பெண்டாட்டி காலையில் கழுவிக்கொண்டு வருவாள், அவனுடைய வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்க. இந்தத் துறைக்கும் அந்தத் துறைக்கும் இவ்வளவு நல்ல ஒத்துழைப்பை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

களிம்புக்குப் பாத்திரம் கொட்டாங்குச்சி அல்லது பூவரச இலை. வசதியானவர்கள் பீங்கான் ஜாடி கொண்டு வருவார்கள். விருத்தாசலம் பக்கத்தில் பீங்கானுக்கு என்ன பஞ்சம்? கரண்ட் கம்பத்துக்கு இன்சுலேட்டர், வீட்டு ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை, அகல் என்று எல்லாம் அங்கே சூளையில் வெந்து வருகிறது. கோணிப்போனது, விரிசல் விட்டது செகண்ட்ஸ் என்ற பெயரில் சல்லிசாகக் கிடைக்கும். மாற்றலாகிப் போகிற டாக்டருக்கெல்லாம் நாங்கள் கொடுத்தது பீங்கான் பிள்ளையார். ஒரு டாக்டர் இரண்டு தடவை மாற்றலாகி, கோர்ட்டில் தடை வாங்கி, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டார். மூன்றாவது வழியனுப்பு விழாவில் அவரே எழுந்து, "ஏம்ப்பா, இந்தத் தடவையாவது வேற சாமி குடுங்க" என்றார். 2013இல் நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் பிள்ளையார்தான். தும்பிக்கையில் ஒரு கொப்புளம் இருக்கிறது. செகண்ட்ஸ் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வாங்கியவன் எனக்குப் பழக்கமான ஆள்.

மாத்திரை ஆயிரம் ஆயிரமாகத் தகர டப்பாவில் வரும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும், காகிதம் என் பொறுப்பு. பழைய தினத்தந்தியைக் கிழித்து அடுக்கி வைத்திருப்பேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் அவன் ஆயாவின் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வருவான். மூணு நாளைக்குக் கொடுத்தால் மறுநாளே வந்து நிற்பான்.

"அதுக்குள்ள தீந்து போச்சாடா?"

"இல்ல சார். கடல்ல விழுந்தானே, அப்புறம் இன்னா ஆனான்?"

மாத்திரை மடித்த காகிதத்தில் கன்னித்தீவு படக்கதை இருந்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் தேடி, மறுநாள் தாளைக் கண்டுபிடித்து, சும்மா கொடுக்கக் கூடாதே என்று நாலு பி காம்ப்ளெக்ஸை அதில் மடித்துக் கொடுத்தேன். அவன் ஆயா பலம் பெற்றாளோ என்னவோ, பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டான். 1960இல் ஆரம்பித்த அந்தக் கதை நான் ஓய்வு பெறும்போதும் முடிந்திருக்கவில்லை. மூட்டு வலியும் அப்படித்தான்.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாஸ்புக் கொடுத்து விநியோகம் செய்தார்கள். வெளிமாநிலத்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. மாத்திரை அட்டை அட்டையாக, ஈரம் படாமல், காலாவதித் தேதியோடு வந்தது. நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அந்த ஒரு வரி போதும். விலை போகாத சரக்கு என்று அர்த்தம் செய்துகொண்டு அதே மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, "இது கேக்குது சார்" என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது கண்ணாடி சிரிஞ்சு. குழாய்க்கு ஒரு எண், உள்ளே போகிற தண்டுக்கு அதே எண், ஜோடி மாறினால் மருந்து பின்பக்கமாகப் பீச்சும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி மறுபடி அதே ஊசிதான். (ஸ்டெரிலைசரில் முட்டை வேக வைத்தார்கள் என்று எல்லா ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் அது நடக்கவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்திருக்கிறோம், அதுவும் ஸ்டெரிலைசரில் இல்லை, பக்கத்து அடுப்பில்.) இவ்வளவு கொடூரமான சாமானாக இருந்தும், ஊசி போடாத டாக்டரை ஊர் டாக்டராக ஒப்புக்கொண்டதில்லை. முந்திரிக்காட்டிலிருந்து வருகிற பெரியவர் டாக்டர் எழுதியதைக் கையில் வாங்காமலேயே வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நிற்பார்.

"தாத்தா, ஒங்களுக்கு மாத்திரையே போதும்."

"மாத்திரைய நீ முழுங்கு நைனா. எனுக்கு ஊசி."

டாக்டர் என்னைப் பார்ப்பார். "கம்பவுண்டர், அந்த ஸ்பெஷல் ஊசி இருக்கா?" என்பார். ஸ்பெஷல் என்றால் வடித்த தண்ணீர், வேறொன்றும் இல்லை. மருந்தே இல்லாத இந்தத் தண்ணீர், சதையில் ஏறும்போது பல மருந்துகளைவிட அதிகம் வலிக்கும். வலித்தால் வீரியம். குனிந்து வந்தவர் நிமிர்ந்து போவார், மறுவாரம் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டையை ஜன்னல் ஓரம் இறக்கிவிட்டுப் போவார். லஞ்சம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீருக்கு யார் லஞ்சம் கொடுப்பார்கள்? கொஞ்சம் படித்தவர்கள் வந்தால் பி 12. அது பார்க்கவே ரத்தச் சிவப்பு, சிரிஞ்சில் ஏறும்போதே பாதி வலி போய்விடும். செய்தது சரியா என்று இப்போது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

பாம்புக்கடி எங்கள் பக்கத்தில் கேழ்வரகு, கம்பு மாதிரி ஒரு பருவப் பயிர். கடித்தது எது என்று தெரிய வேண்டுமே என்று அடித்துக் கையோடு கொண்டு வருவார்கள். ஒரு மழைநாளில் நாலு பேர் ஒருவனைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். அஞ்சாவது ஆள் கையில் துணி கட்டிய ஊறுகாய் ஜாடி. "அடிச்சாச்சா?" என்றேன். "அடிச்சாச்சு சார், நல்லா அடிச்சாச்சு." துணியை அவிழ்த்துப் பார்த்தவன் நான். அன்றைக்கு நான் மருந்து மேஜை மேல் ஏறிய வேகத்தை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. ஜாடி விழுந்து உடைந்தது, வரிசை கலைந்தது, கட்டிலில் கிடந்தவன் எல்லாரையும் முந்திக்கொண்டு வாசலில் நின்றான். அவன் பிழைத்தான். கடித்தது சாரை.

இப்போது பாம்பு ஜாடியில் வருவதில்லை, போனில் வருகிறது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு பையன் 108 வண்டியில் அப்பாவோடு வந்து இறங்கினான். 108 எங்கள் மாநிலத்தில் 2008இல் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கயிற்றுக் கட்டில், மாட்டு வண்டி, இல்லையென்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்துகிற கண்டக்டர். பையன் போனை நீட்டினான். படத்தில் பாம்பு அற்புதமாக இருந்தது. படமெடுத்து, பின்னால் சூரியன் மறைய, ஒவ்வொரு செதிலும் தெரிந்தது.

"எப்படிப்பா இவ்வளவு கிட்ட போய் எடுத்த?"

"இது அந்தப் பாம்பு இல்ல சார். இதே மாதிரி பாம்புதான். நெட்டுல எடுத்தேன்."

நல்லவேளை, நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை என்று நாலுக்கும் ஒரே குப்பிதான். அதற்கான விஷத்தைக் கறந்து கொடுப்பதில் பெரும்பங்கு, 1978இல் பதிவாகி, வடநெம்மேலியில் இயங்குகிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. ரத்தத்தைக் கெடுக்கிற விஷம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று டாக்டர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார். உறைந்தால் அந்த மட்டில் நிம்மதி. சூரிய அஸ்தமனம் எதற்கும் தேவைப்படாது.

இப்போது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் எனக்கு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிற பெண்ணிடம், "பாட்டில் வேணுமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். எனக்குத் தாகம் என்று நினைத்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மூட்டு வலிக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியிருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற ஆயாவிடம் அடையாள எண் பதிய ஓடிபி கேட்டார்கள். அது அவள் ஆதாரில் இருக்கிற நம்பருக்குப் போயிருக்கிறது. நம்பர் மகனுடையது, மகன் சிங்கப்பூரில். சுந்தரர் எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. அவருக்கு ஓடிபி இல்லாமலேயே கிடைத்திருக்கிறது. ஆயா அரை மணி நேரம் சிங்கப்பூரைக் கூப்பிட்டாள், அவன் ஷிப்டில் இருந்தான். கடைசியில் பதிவு செய்கிற பெண்ணே, "பரவால்ல ஆயா, சீட்டுல எழுதித் தர்றன்" என்று பழைய மாதிரி காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மருந்து கொடுக்கிற பெண்ணுக்கு என் பேத்தி வயசு. "தாத்தா! காலைல ஒண்ணு! ராத்திரி ஒண்ணு! சாப்ட்டப்புறம்! புரிஞ்சுதா?" என்று நாலு தெரு கேட்கச் சொன்னாள். முப்பத்துநாலு வருஷம் நான் கத்திய அதே சுருதி. எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு ஊசி போட்டுட்டா தேவலாம்மா."

"அதெல்லாம் வேணாம் தாத்தா. மாத்திரையே போதும்."

வெளியே வந்தேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த தனியார் கிளினிக்குள் நுழைந்தேன். அங்கே ஒன்றும் கேட்கவில்லை, திரும்பிப் படுங்கள் என்றார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன். சிரிஞ்சில் ரத்தச் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. என்ன மருந்து, கடையில் என்ன விலை, மூட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் எல்லாம் எனக்குத் தெரியும். இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். மங்கலம்பேட்டையில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்காமலேயே இறங்கியிருக்கிறேன்.